தாத்தா வண்டிக்கு டீசல் இன்ஜின் வேண்டாமுங்க

போன பொங்கலுக்கு ராசிபுரம் போயிருந்தப்ப வீட்டுல ஒரே பஞ்சாயத்து. கொட்டகையில நிக்கற தாத்தாவோட 1974 மார்க் 2 அம்பாசடர் ஆயில் குடிக்குது, நீலப்புகை கக்குது, மேடு ஏறமாட்டேங்குது. கம்ப்ரஷன் பார்த்தா நாலு சிலிண்டர்ல ரெண்டு அவுட்.

"பேசாம டீசல் இன்ஜின் தூக்கி வெச்சிரலாம் மாப்ள" அப்படின்னுட்டார் மாமா. லாரிக்கு பாடி கட்டற நாமக்கல், ரிக் வண்டிக்குப் பேர் போன திருச்செங்கோடு, இங்கெல்லாம் டீசல்தான் குலதெய்வம் :-)

எனக்கு உடன்பாடில்லை. காரணம் வெறும் சென்டிமென்ட் இல்லை.

அது மட்டமான இன்ஜின் கிடையாதுங்க. 1489 சிசி, பி.எம்.சி.யோட பி சீரிஸ். 1955ல வந்த எம்.ஜி.ஏ ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே குடும்பத்து இன்ஜின்தான். ரெண்டு எஸ்.யூ. கார்புரேட்டர் மாட்டி 68 குதிரைத்திறன் வாங்கினாங்க.

வேலையும் பிரம்ம வித்தை இல்லை. பிளாக்கை சேலத்துல ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டு போய் ரீபோர் பண்ணணும். ஒரிஜினல் போர் 73.025 மில்லிமீட்டர். 40 தௌ, அதாவது ஒரு மில்லிமீட்டர் சொச்சம், கூட்டி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டா 1531 சிசி ஆயிடும் (கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன், ஹிஹி). அப்புறம் கிராங்க் கிரைண்டிங், பேரிங், ரிங், கேஸ்கட்.

மாத்த வேண்டியதை மாத்தத்தான் வேணும். ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோட நாடு முழுக்க நின்னு போச்சு. அந்த ஈயம்தான் எக்ஸாஸ்ட் வால்வு சீட் தேயாம காப்பாத்திட்டிருந்துச்சு. அதனால ஹெட்டுல கெட்டியான சீட் அடிக்கணும். இப்ப பங்க்ல வர்றது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ் அதுக்குத் தாங்காது, எல்லாம் புதுசு போடணும். என்னைக் கேட்டா இதுதான் உருப்படியான மாடிஃபிகேஷன்.

இன்னொண்ணு. 2021ல வந்த மத்திய அரசு விதிப்படி 50 வருஷம் தாண்டின வண்டி, சேசிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் இல்லாம இருந்தா விண்டேஜ்னு பதிவு பண்ணிக்கலாம். நம்பர்ல 'வி.ஏ' எழுத்து வரும். டீசலை வெச்சா அந்தக் கதவு மூடிக்கும். ரெட்டை கார்புரேட்டர் ஆசையை நானும் அதனாலதான் அடக்கிட்டேன். விண்டேஜ் வண்டியைத் தினசரி ஓட்டக்கூடாதேன்னு மாமா மடக்கினார். இப்ப மட்டும் தினமுமா ஓடுது?

ஆனா அடுத்து அவர் கேட்டதுக்குத்தான் வாயடைச்சுப் போச்சு. "நீ பெங்களூர்ல உக்காந்து பொட்டி தட்டுவ. இங்க யாரு இதைப் பார்த்துக்கறது?"

நியாயம்தான். மாசம் ஒரு தடவை வர்றேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். காப்பாத்துவேனான்னு எனக்கே கொஞ்சம் பயமா இருக்கு.

இருந்தாலும் சொல்றேன். நம்ம கோடுன்னா பேக்கப் எடுத்து வெச்சுட்டு மாத்தலாம், புடிக்கலைன்னா பழசுக்கே போயிடலாம். அந்த பிளாக் பழைய இரும்புக் கடைக்குப் போனா போனதுதான்.

சேலம் பக்கம் வால்வு சீட் நல்லா அடிக்கற பட்டறை தெரிஞ்சா சொல்லுங்க மக்கா. மாமா மனசு மாறறதுக்குள்ள இன்ஜினை இறக்கணும்.