பாதிப் பூட்டும் முழுப் பூட்டும்

அசையும் படங்களை இலக்கங்களாக்கிச் சுருக்கி அனுப்புங்கால், அச்சுருக்கத்தின் ஊடே சிற்சில பகுதிகளை மாத்திரம் மறைகுறியாக்கி, எஞ்சியவற்றைத் திறந்தபடியே விடுவது ஒரு முறை. உழைப்புக் குறைவு என்பதனால் அதனைப் பலர் பாராட்டுவர். எங்கே தகும், எங்கே தகாது என்று வரையறுக்காது பாராட்டுதல் முறையன்று என்பது எமது கருத்து.

1993 இல் வெளிவந்த எம்பெக் நியமத்தின்படி, சட்டகங்கள் சில தம்மளவில் முழுமையானவை. ஏனையவை அவற்றினின்றும் வேறுபட்டவற்றையும் அசைவுக் காவிகளையுமே பெரும்பாலும் சுமப்பன. ஆதலின் முழுச் சட்டகங்களைப் பூட்டினால் மற்றவை பயனற்றுப் போகும் என முதலில் எண்ணினர். அஃது அவ்வாறன்று என்பதை ஆகி, கொங் என்னும் இருவர் 1996 இல் காட்டினர். சார்ந்து நிற்கும் சட்டகங்களிலும் சாராத கட்டங்கள் இடையிடையே உள. பூட்டப்படாத அவற்றின் வழியே படம் கசிந்துவிடும்.

அதே ஆண்டில் டாங் என்பவர் வேறொரு வழி கூறினார். எட்டுக்கெட்டான ஒவ்வொரு கட்டமும் கோசைன் உருமாற்றத்தால் 64 குணகங்களாகும். அவற்றின் வரிசையைக் குலைத்துவிடுக என்றார். 64 பொருள்களை வரிசைமாற்றும் வழிகள் எத்துணை என்பதை நம் கணித மாணாக்கர் கணித்துப் பார்க்கலாம், தலை சுற்றும். ஆயினும் எண்ணிக்கையின் பெருமை காப்பாகவில்லை. மூலப்படம் ஒன்றைப் பெற்றவன் அதனையும் குலைந்ததனையும் ஒப்பிட்டே வரிசையை அறிந்துகொள்வான். மறு ஆண்டில் இலினோய் பல்கலைக்கழகத்தார் இருவர் இதனை நிறுவினர்.

குணகங்களின் சக, சயக் குறிகளை மாத்திரம் பூட்டுவது இவற்றினும் நயமானது. 2013 ஆம் ஆண்டின் எச்.265 நியமத்தில் இவ்வாறு செய்யின் கோப்பின் அளவு சிறிதும் பெருகாது. படங்காட்டும் கருவியும் இடறாது. ஆயினும் குணகங்களின் பருமன் மறையாமையால் உருவங்களின் விளிம்பு நிழலாய்த் தெரியும்.

திரைப்பட வணிகனுக்கு அந்நிழலால் நட்டமில்லை. பணம் கொடாதவன் படத்தைச் சுவைக்கலாகாது என்பதே அவன் வேண்டுவது. அவ்வணிகத்தில் வழங்கும் ஒரு நியமம் பதினாறு பைற்றுத் துண்டுகள் பத்தில் ஒன்றையே பூட்டுகின்றது. அஃது அங்கே பொருந்தும். தொலைவிலுள்ள வைத்தியருக்குத் தன் உடலைக் காட்டும் நோயாளியின் நிலை வேறு. அவர் இன்னார் என்று விளிம்பால் ஊகிக்கக் கூடுமாயினும் காப்புக் குலைந்ததே. இத்தகையோரிடம் பாதிப் பூட்டைப் பூட்டென்று சொல்லி விற்பது நேர்மையன்று.

கணினி மெதுவானது என்ற பழைய சாட்டும் இன்று செல்லாது. ஏ.ஈ.எஸ். முறைக்கென்றே தனிக் கட்டளைகள் 2010 முதலாகச் சாதாரணக் கணினிகளிலும் இடம்பெறலாயின. திறவுகோல் இன்றியே இடைவழியிற் படத்தின் தரத்தைக் குறைத்து அனுப்பும் வசதியைச் சிலர் எடுத்துக்காட்டுவர். தலைப்புகளைத் திறந்து வைத்து உள்ளடக்கம் முழுவதையும் பூட்டினாலும் அவ்வசதியின் பெரும்பங்கு கிடைக்கும்.