ஸ்பீக்கர் கேபிளுக்கு ஆயிரக்கணக்கில் செலவு எதற்கு?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி அதில் பாட்டு கேட்கத் தொடங்கியவர்களுக்குச் சில நாட்களிலேயே ஒரு ஆசை வரும். வீட்டில் சும்மா கிடக்கும் ஸ்டீரியோ ஆம்ப்ளிபயரையும் பெரிய ஸ்பீக்கர்களையும் கம்ப்யூட்டருடன் இணைத்தால் என்ன? தாராளமாக இணைக்கலாம். கம்ப்யூட்டரின் ஆடியோ துளையில் இருந்து ஆம்ப்ளிபயருக்குச் செல்லும் மெல்லிய கேபிளை மட்டும் ரெடிமேடாக வாங்கிவிடுங்கள். அதற்கு உள்ளே ஷீல்டு வேண்டும். இல்லாவிட்டால் பாட்டோடு இரைச்சலும் சேர்ந்து வரும்.

நான் சொல்ல வருவது அடுத்த கேபிளைப் பற்றி. ஆம்ப்ளிபயரில் இருந்து ஸ்பீக்கருக்குச் செல்லும் கேபிள். இதைக் கடையில் கேட்டால், விரல் தடிமனில் தங்க முலாம் பூசிய முனைகளுடன் ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். "இதுல கேட்டாத்தான் சார் பேஸ் நல்லா வரும்" என்பார்கள். அந்தப் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எலக்ட்ரிக்கல் கடைக்குப் போங்கள் என்பதுதான் என் கருத்து. அங்கே 1.5 சதுர மி.மீ. அளவில், பல மெல்லிய இழைகள் கொண்ட இரட்டைக் காப்பர் ஒயர் மீட்டர் கணக்கில் கிடைக்கும். மீட்டருக்குச் சில பத்து ரூபாய்தான்.

ஏன் இது போதும்? பள்ளியில் படித்த ஓம் விதியே பதில் சொல்லும். 1.5 சதுர மி.மீ. காப்பர் ஒயரின் மின்தடை ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.013 ஓம். ஸ்பீக்கர் 5 மீட்டர் தூரத்தில் இருந்தால், போக 5 மீட்டர், வர 5 மீட்டர், ஆக 10 மீட்டர். மொத்தம் 0.13 ஓம். உங்கள் ஸ்பீக்கரோ 8 ஓம். அதாவது 2 சதவீதம்கூட இல்லை. மெக்கின்டாஷ் லேபரட்டரியில் ஒலி ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ரோஜர் ரஸ்ஸல், ஸ்பீக்கரின் ஓம் அளவில் 5 சதவீதத்துக்குள் ஒயரின் தடை இருந்தால் போதும் என்று எழுதியிருக்கிறார். நாம் அதற்கும் கீழே இருக்கிறோம்.

அதற்காக எந்த ஒயரும் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். 0.2 சதுர மி.மீ. போன்ற நூல் ஒயரைப் போட்டால் அதே தூரத்துக்கு 0.8 ஓமுக்கு மேல் போய்விடும். 10 சதவீதம். அது காதுக்குத் தெரியக்கூடிய அளவு. உங்கள் ஸ்பீக்கர் 4 ஓம் என்றாலோ, தூரம் 10 மீட்டர் என்றாலோ 2.5 சதுர மி.மீ. வாங்குங்கள்.

என்னுடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். விலை அதிகமான கேபிளில் பாடகரின் மூச்சுகூடக் கேட்கிறதாம்! அவருக்கு நான் சொல்வது இதுதான்: எந்தக் கேபிள் மாட்டியிருக்கிறது என்று தெரியாமல் கேட்டுச் சொல்லுங்கள். 2007-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி என்பவரும் இதையேதான் கேட்டார். 7,250 டாலர் விலையுள்ள ஒரு ஜோடி கேபிளைச் சாதாரணக் கேபிளில் இருந்து காதால் பிரித்துக் காட்டினால் 10 லட்சம் டாலர் பரிசு என்றார். அந்தப் பரிசை யாரும் வாங்கவில்லை.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அலுமினியத்தின் மேல் காப்பர் பூசிய ஒயரும் கடைகளில் கிடைக்கிறது. பார்வைக்குச் செம்பு நிறம்தான். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். தடை ஒன்றரை மடங்கு அதிகம், சீக்கிரம் ஒடிந்தும் போகும்.

இனி செய்முறை. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் சம நீளத்தில் வெட்டுங்கள். முனைகளில் 1 செ.மீ. உறையை நீக்கி இழைகளை இறுக்கமாக முறுக்குங்கள். ஒரு இழைகூட வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து முனையைத் தொடக்கூடாது. தொட்டால் ஷார்ட் ஆகி ஆம்ப்ளிபயரே போய்விடலாம். ஆம்ப்ளிபயரை அணைத்துவிட்டு, பிளஸ்ஸை பிளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் மாட்டுங்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிவிட்டால் சத்தம் வரும், ஆனால் பேஸ் காணாமல் போகும். ஒன்றின் கூம்பு வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுப்பதுதான் காரணம். "கேபிள் சரியில்லை" என்று நான் கேட்கும் புகார்களில் பாதி இதுதான். சந்தேகம் இருந்தால் ஆம்ப்ளிபயர் பக்கம் கழற்றி, ஒயர் முனைகளில் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். இரண்டு ஸ்பீக்கர்களின் கூம்பும் ஒரே திசையில் நகர வேண்டும்.

அழகுக்காக முனைகளில் பனானா பிளக் மாட்டலாமா என்று கேட்பார்கள். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம் என்பேன். அதன் தடிமன் 4 மி.மீ. ஷட்டர் இல்லாத பழைய சுவர் பிளக் பாயிண்டில் அது சுலபமாக நுழையும். ஐரோப்பாவில் விற்கும் ஆம்ப்ளிபயர்களில் பனானா பிளக் துளைகளை மூடியே அனுப்புவதும் இந்த பயத்தால்தான். முறுக்கிய ஒயரையே நேராகச் சொருகித் திருகை இறுக்கிவிடுங்கள்.