"ஒரு அடிகூட அடிச்சதில்ல"

குழந்தைக்கு நடக்கும் கொடுமையில் எது கடுமை, எது லேசு என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை நாம் தழும்பிடம் விட்டுவிட்டோம். "ஒரு அடிகூட அடிச்சதில்ல" என்று பெருமைப்படும் வளைகுடா அப்பாதான், கணக்கில் மார்க் குறைந்தால் "விசாவ கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிடுவேன்" என்கிறார். பிள்ளை பிறந்தது ஷார்ஜாவில். அதன் குடியிருப்பு அனுமதி அப்பாவின் பொறுப்பில் இருக்கிறது. நினைத்தால் அவரால் முடியும் என்பது ஏழு வயதிலேயே அதற்குத் தெரியும்.

ஆய்வுகளின் அளவுகோல்களும் இங்கே தடுமாறுகின்றன. அமெரிக்காவில் 1998இல் ஃபெலிட்டியும் அண்டாவும் வெளியிட்ட ஆய்வின் வழியில் வந்த முறை, கொடுமையின் வகைகளைத்தான் எண்ணுகிறது. எந்த வகையானாலும் ஒரு புள்ளி. 1993இல் பார்னெட், மேன்லி, சிச்செட்டி வகுத்த முறை கொஞ்சம் மேல். ஒவ்வொரு வகைக்குள்ளும் கடுமையை ஒன்று முதல் ஐந்து வரை பிரிக்கிறது. ஆனால் அடியில் மூன்றும் சொல்லில் மூன்றும் ஒரே மூன்றா? அரிசியைப் படியாலும் துணியை முழத்தாலும் அளந்துவிட்டு இரண்டையும் கூட்டினால் வருவது என்ன கணக்கு?

உலக சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாள் சவூதியிலும் பயன்பட்டிருக்கிறது. கைவிடுவதாகவோ வீட்டைவிட்டுத் துரத்துவதாகவோ மிரட்டினார்களா என்று அதில் ஒரு கேள்வி உண்டு. நம் பிள்ளை என்ன எழுதும்? வீட்டைவிட்டு இல்லையே, நாட்டைவிட்டுத்தானே. அதுவும் அப்பத்தா வீட்டுக்கு. 'இல்லை' என்றுதான் எழுதும். பள்ளி, நண்பர்கள், பேசும் மொழி எல்லாம் ஒரு கையெழுத்தில் போய்விடும் என்ற பயம் அந்தத் தாளில் பூஜ்யம்.

2012இல் எட்டு வயது வதீமா, தந்தையாலும் அவருடைய துணைவியாலும் சித்திரவதைக்குள்ளாகி இறந்தாள். அவள் பெயரால் அறியப்படும் அமீரகச் சட்டம் (2016, எண் 3) உடலோடு சேர்த்து மனநலத்தையும் காக்கச் சொல்கிறது. நம்மவர்களுக்கு அது பெல்ட்டை எடுக்கும்போது மட்டும் ஞாபகம் வருகிற சட்டம். ('அடி உதவுவதுபோல்' பழமொழிக்கு இறைவன் திருவடி என்று விளக்கம் சொல்பவர்களும் பெல்ட்டை வைத்திருக்கிறார்கள்.)

தாங்கும் பிள்ளைக்குத் தப்பிக்க வழி உண்டா, யாரிடமாவது சொல்ல முடியுமா, மிரட்டுபவரால் அதைச் செய்துகாட்ட முடியுமா, எத்தனை வருடமாக நடக்கிறது: கடுமையை இவற்றால் அளக்க வேண்டும் என்கிறேன். இங்கே அடுத்து யாராவது கேள்வித்தாள் தயாரித்தால் விசாவையும் ஒரு கேள்வியாகச் சேர்க்கட்டும். பதிலை அப்பா பக்கத்தில் இல்லாதபோது வாங்கட்டும்.