பிளாக்கி எப்போது வாங்கப்பட்டது?

எரிக் கிளாப்டன் தம் புகழ்பெற்ற ‘பிளாக்கி’ கிதாரை 1970இல் வாங்கினார் என்று எழுதிவிட்டுக் கடந்துபோகிறார்கள். நாம் இதை மறுக்கிறோம். அவ்வாண்டு நாஷ்வில் நகரக் கடையொன்றில் அவர் வாங்கியவை ஆறு பழைய ஸ்ட்ராடோகாஸ்டர்கள். ஜார்ஜ் ஹாரிசன், பீட் டவுன்ஷெண்ட், ஸ்டீவ் வின்வுட் ஆகியோருக்கு ஆளுக்கொன்றைக் கொடுத்தார். எஞ்சிய மூன்றையும் கழற்றி, சிறந்த பாகங்களை மட்டும் பொறுக்கிக் கோத்ததில் உருவானதே பிளாக்கி. 1973 ஜனவரியில் லண்டன் ரெயின்போ அரங்கில் அது மேடையேறியது. உண்மையில், 2004ஆம் ஆண்டு ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போனபோதுதான் பிளாக்கியை ஒருவர் முதன்முறையாக ‘வாங்கினார்’. ரசீதின் தேதியைப் பிறந்தநாளாக்குவது, தேர்ந்து கோத்த கையை வரலாற்றிலிருந்து அழிப்பதாகும். காகிதம் வாங்கிய நாளைக் கவிதை பிறந்த நாள் என்போமா?