சந்திப்பிழைக்குப் பயந்தவர்கள்

"எழுத ஆசைதான், ஆனால் இன்னும் நிறையப் படிக்க வேண்டியிருக்கிறது" என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. கேட்பதற்கு அடக்கம் போலத் தோன்றும். அடக்கமும் இல்லை, மண்ணும் இல்லை, வெறும் பயம். பயம் என்று ஒப்புக்கொள்ள வெட்கமாயிருக்கிறது, ஆகவே படிப்பின் தலையில் பழியைப் போடுகிறார்கள்.

புதுக்கடைப் பக்கத்து இளைஞர்களுக்கு இந்தப் பயம் இரட்டிப்பு. எங்கள் பேச்சில் மலையாளம் விரவிக் கிடக்கிறது. திருநெல்வேலிக்காரர் கேட்டாலே சிரிப்பாரே, சென்னைப் பத்திரிகாசிரியர் என்ன சொல்வாரோ என்று எழுதுவதற்கு முன்பே நடுங்குகிறார்கள். இலக்கணப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாக்கியத்தைக் கழுவு கழுவென்று கழுவிக் கடைசியில் கதையையும் சேர்த்துக் கொட்டிவிடுகிறார்கள்.

இவர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். 1954 ஆகஸ்ட் 11-ஆம் தேதி, தென் திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று கேட்டவர்கள்மேல், பட்டம் தாணுபிள்ளையின் ஆட்சியில், இதே புதுக்கடையில் போலீஸார் சுட்டார்கள். மார்த்தாண்டத்திலும் சுட்டார்கள். உயிர்கள் போயின. அன்று தெருவுக்கு வந்தவர்கள் பேசியதும் இந்தக் கலப்புத் தமிழ்தான். 'எங்களுக்குத் தமிழர் என்று சொல்லிக்கொள்ள அருகதை உண்டா?' என்று எந்தப் புலவரிடமும் சான்றிதழ் வாங்கிவிட்டு அவர்கள் வரவில்லை. 1956 நவம்பர் 1-ல் மண் சேர்ந்தது. அந்தப் பேச்சைக் காகிதத்தில் எழுத இப்போது பேரப்பிள்ளைகளுக்குக் கை கூசுகிறதாம்!

'அது அரசியல்; இலக்கியம் வேறு' என்பார்கள். சரி, இலக்கியத்துக்கே வருவோம். புதுக்கடையிலிருந்து கடலைப் பார்க்கப் போனால் தேங்காய்ப்பட்டணம். தோப்பில் முகமது மீரான் 1944-ல் பிறந்த ஊர். அவர் பள்ளியில் படித்தது மலையாளம். பிழைப்புக்குத் திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வியாபாரம். இந்த யோக்கியதாம்சங்களோடு, தன் ஊர் முஸ்லிம்கள் பேசுகிற பேச்சிலேயே 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை எழுதினார். 1988-ல் அது புத்தகமாக வந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தார். ஊர் முதலாளியின் அட்டூழியத்தையும், மதத்தின் பெயரால் நடக்கிற ஏமாற்றையும் சொந்த ஜனங்களின் முகத்துக்கு நேரே எழுதத் துணிந்த மனிதரை ஒரு சந்திப்பிழை என்ன செய்துவிடும்? 1997-ல் 'சாய்வு நாற்காலி'க்குச் சாகித்திய அகாதமி விருது கொடுத்தார்கள்.

நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்திய சுந்தர ராமசாமி தமிழ் எழுதப் படிக்கக் கற்றதே 18 வயதில்தான். பள்ளிப் படிப்பையும் முடித்தவரல்லர். பிற்பாடு அவர் படித்த படிப்புக்குக் கணக்கில்லை. ஆனால் படித்து முடியட்டும் என்று காத்திருந்தாரா? தமிழ் கைக்கு வந்த சூட்டோடு தகழியின் 'தோட்டியின் மகனை' மொழிபெயர்க்க உட்கார்ந்துவிட்டார்.

எனக்குப் புத்தகத்தின்மேல் விரோதம் இல்லை. டால்ஸ்டாயைப் படியுங்கள், மார்க்வெஸைப் படியுங்கள். படித்துவிட்டு அவர்களுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த ஒருவர் இருபது வருஷமாக ஒரு நாவலுக்குத் 'தயாராகி' வருகிறார். அலமாரி நிறைந்துவிட்டது, நாவலில் வரவேண்டிய பாட்டியும் காலமாகிவிட்டாள். அவள் பேச்சை இனி யாரிடம் கேட்டு எழுதப் போகிறார்?

சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விற்கிற அம்மாள் பேரம் பேசுவதை நாலு நாள் நின்று கேளுங்கள். கேட்டபடி எழுதி அனுப்புங்கள். ஒற்று விட்டுப்போனால் போகட்டும். பிழை திருத்துவதற்கென்று பத்திரிகை ஆபீஸில் ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.