பொன் தேடிச் சென்ற நம்மவர் காதல்

தமிழில் வரலாற்றுப் புதினம் என்றவுடன் நம் மாணவர்தம் மனக்கண்ணில் தோன்றுவன குதிரையும் கோட்டையும் மணிமுடியுமே. கல்கி 1950ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ அகலப்படுத்திய வழி அது. அவ்வழியின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. ஆயினும் முடி சூடாத மாந்தர்க்கும் வரலாறு உண்டு. அவர்தம் காதலுக்கும் இறைநம்பிக்கைக்கும் அவ்வரலாற்றில் இடம் உண்டு. இதனை ஆங்கிலத்தில் வழங்கும் ஒரு நூல்வகையைக் கொண்டு விளக்க விழைகின்றோம்.

1848இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பொன் கண்டறியப்பட்டது. மறு ஆண்டே உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் அங்கே குவிந்தனர். அப்பொன் வேட்டையைக் களமாகக் கொண்டு கிறித்தவ நெறி சார்ந்த காதற் புதினங்கள் பல எழுந்தன. பிரான்சின் ரிவர்ஸ் 1991இல் வெளியிட்ட ‘ரிடீமிங் லவ்’ அவற்றுள் பெயர்பெற்றது. இளமையிலேயே விற்கப்பட்டுப் பரத்தமைக்குத் தள்ளப்பட்ட ஒருத்தியை உழவன் ஒருவன் மணக்கிறான். அவள் விலகி விலகிச் செல்ல, அவன் பொறுமையோடு அன்பு செலுத்துகிறான். விவிலியத்து ஓசேயா தீர்க்கர் வரலாறே இக்கதையின் மூலம்.

பிற சமயத்தார் புனைகதையை நம் கல்லூரி மலரில் பேசுவது பொருந்துமா எனப் பெரியோர் சிலர் வினவக்கூடும். பொருந்தும் என்பதே நம் கருத்து. தமிழ்ப் புதினத்தின் தொட்டிலை ஆட்டியவர்கள் இறைப்பற்று மிக்கவர்களே. 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ கிறித்தவரான வேதநாயகம் பிள்ளையின் ஆக்கம். 1885இல் ‘அசன்பே சரித்திர’த்தைத் தந்தவர் இலங்கை அறிஞர் சித்திலெவ்வை. 1938இல் நாகூர் சித்தி ஜுனைதா பேகம் எழுதிய புதினத்தின் பெயரே ‘காதலா கடமையா’ என்பது. காதலையும் அறத்தையும் ஒரு தட்டில் வைத்து நிறுப்பது நம்மவர்க்குப் புதிதன்று. தவறிய உள்ளம் இறைவன்பால் மீள்வதை நாம் தவ்பா என்கிறோம். அப்புதினம் சொல்வதும் அம்மீட்சியையே.

எனினும் அந்நூல்வகையை அவ்வாறே தமிழில் பெயர்த்து நடுவதை நாம் ஏற்கவில்லை. காரணம், பொன் விளைந்த நிலம் வேறு; தோண்டிய கை வேறு. கலிபோர்னியாவில் தொடக்கத்தில் தட்டும் மண்வெட்டியும் உடையவன் தானே பொன் அரித்துத் தனக்கே உரிமையாக்கிக்கொள்ள முடிந்தது. அந்நிலத்தின் தொல்குடியினர் பல்லாயிரவர் அதனால் அழிந்தனர் என்பதை இவ்வகைக் கதைகள் பெரும்பாலும் பேசுவதில்லை. நம் நாட்டிலோ நிலைமை முற்றிலும் மாறுபட்டது. 1880ஐ ஒட்டி நீலகிரி மாவட்டத்துத் தேவாலா, பந்தலூர்ப் பகுதியில் பொன் வேட்டை மூண்டது. இலண்டனில் பங்குகள் விற்கப்பட்டன. சில ஆண்டுகளில் அனைத்தும் அடங்கின. நிலைத்தது கோலார். 1880களில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் நிர்வாகத்தில் வளர்ந்த அச்சுரங்கங்களில் பொன் கம்பெனிக்கு உரியது. தமிழனுக்கு உரியது கூலி மட்டுமே.

அங்கே பெருந்திரளாகச் சென்றவர்கள் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களின் எளிய உழைப்பாளர்கள். 1856இல் நம் இராயபுரத்தில் தொடங்கிய இருப்புப்பாதை வாலாஜா சாலை வரை ஓடிற்று. பின்னர் மேற்கே நீண்டு, சோலையார்பேட்டை, போரிங்பேட்டை வழியாகப் பொன்வயலையும் எட்டிற்று. 1902இல் சிவசமுத்திரத்து மின்சாரம் அச்சுரங்கத்தை எய்தியதைப் பாடநூல்கள் பெருமையுடன் கூறும். ஆயின் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் பாறை வெடித்து மாண்டவரையும், கல்தூசு நுரையீரலில் படிந்து இளைத்தவரையும் எத்தனை நூல்கள் கூறும்? 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து அவர்கள் வேலைநிறுத்தம் செய்த வரலாற்றை நம் மாணவருள் எத்துணைப் பேர் அறிவர்?

அவர்களுள் கிறித்தவர் பலர். அயோத்திதாசப் பண்டிதரின் வழியில் பௌத்தம் தழுவியவரும் உண்டு. வரிசை வீடுகளில் மணம் நடந்தது, மகவு பிறந்தது, கோயில் மணி ஒலித்தது. சுரங்கத்துள் இறங்கிய கணவன் ஏறி வரும்வரை விழித்திருந்த மனைவியின் வழிபாட்டைவிட உயர்ந்த காதற்காட்சி ஒன்றைப் புனைய வேண்டுமா? விவிலியத்தில் யோபு நூலின் 28ஆம் அதிகாரம், மண்ணைக் குடைந்து பொன்னும் மணியும் தேடும் மனிதனைக் காட்டிவிட்டு, மெய்யறிவு எங்கே கிடைக்கும் என வினவுகிறது. அந்த யோபே பொறுமைக்கு இலக்கணமாக நாம் போற்றும் அய்யூப் நபி (அலை) ஆவார். கோலார்த் தொழிலாளியின் கதைக்கு இதனினும் பொருத்தமான உரைகல் வேறில்லை.

2001 பிப்ரவரி 28இல் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. 2018இலும் 2022இலும் வெளிவந்த ‘கே.ஜி.எஃப்.’ திரைப்படங்கள் அப்பெயரை உலகறியச் செய்தன. ஆயின் உண்மைத் தொழிலாளியின் முகம் அவற்றில் இல்லை. 2024இல் வந்த பா. இரஞ்சித்தின் ‘தங்கலான்’ வட ஆர்க்காட்டு உழைப்பாளியைத் திரையில் நிறுத்தியது. ஏட்டிலும் அவ்வுழைப்பாளிக்கு உரிய இடம் வேண்டும்.

இப்பணிக்கு நம் மாணவரே தகுதியுடையோர் எனத் துணிந்து கூறுவோம். இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வட ஆர்க்காட்டு வேர் கொண்ட குடும்பங்கள் பல உள்ளன. துறைமுகத்திலும் ஆலையிலும் உழைத்த தந்தையரின் பிள்ளைகளுக்குக் கூலியின் பொருளை எவரும் விளக்கத் தேவையில்லை. கோலாரை நேரில் அறிந்த முதியோர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். அவர்கள் எவ்வாறு மணந்தனர், எதனை அஞ்சினர், எவ்வாறு தொழுதனர் என்பவற்றை இன்றே கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். கேட்பவன் முஸ்லிமாகவும் சொல்பவர் கிறித்தவராகவும் இருப்பின் அது தடையன்று. பிறர் நம்பிக்கையை மதித்து எழுதப் பழகுவதே தமிழ் மாணவனுக்கு நல்ல பயிற்சி. மன்னர் கதை எழுதக் கல்வெட்டுகள் காத்திருக்கும். மக்கள் கதை எழுத முதியோர் மூச்சு காத்திராது. அப்பணியில் இறங்கும் இளையோர்க்கு வல்ல இறைவன் துணைபுரிவானாக!