வாணிகத்தில் அறம் ஊதியம் தருமோ?

அறநெறி வழுவாது வாணிகம் செய்வான் ஒருவன் பொருளீட்டல் கூடுமோ என்னும் வினா இன்று நேற்று எழுந்ததன்று. விற்பானும் கொள்வானும் முதன்முதல் எதிரெதிர் நின்ற நாளிலேயே அஃது எழுந்திருத்தல் வேண்டும். எம்மொடு பயிலும் நண்பர்கள் இதற்கு இருவேறு விடை கூறுவர். "நாணயமே வாணிகத்திற்கு முதல், ஏமாற்றுவான் கடையில் இரண்டாம் முறை ஒருவரும் நுழையார்" என்பர் ஒரு சாரார். "அதெல்லாம் மேடைக்குரிய பேச்சு, தராசு முள்ளைச் சற்றே சாய்க்காதவன் மாடி வீடு கட்டியதுண்டோ?" என்பர் மற்றொரு சாரார். வெறுஞ் சொல்லாடலால் இவ்வழக்குத் தீராது. ஆகலின், நிகழ்ந்த வரலாறு ஒன்றனை எடுத்து ஆராய்வோமாக.

இங்கிலாந்து தேசத்துப் பர்மிங்காம் நகரில், ரிச்சர்டு காட்பரி, ஜார்ஜ் காட்பரி என்னும் உடன்பிறந்தார் இருவர், தந்தையார் நடாத்திய கொக்கோ வாணிகத்தை 1861-ஆம் ஆண்டில் ஏற்றனர். குவேக்கர் என்னும் கிறிஸ்தவ சபையைச் சார்ந்த அவர்கள் ஒழுக்கத்தில் உறுதியுடையார். வாணிகமோ நலிந்து கிடந்தது. அந்நாளில், கொக்கோவிலுள்ள மிகுந்த கொழுப்பை மறைத்தற்பொருட்டு, உருளைக்கிழங்கு மாவும் சவ்வரிசி மாவும் வெல்லப்பாகும் அதனொடு கலத்தல் வழக்கம். காட்பரியாரும் அவ்வாறே செய்தனர். தாம் அக்காலத்து விற்ற சரக்கில் ஐந்தில் ஒரு பங்கே கொக்கோ என்பதை ஜார்ஜ் காட்பரியே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

இதற்கிடையே, ஹாசல் என்னும் மருத்துவர், 1851 முதல் 1854 வரை, கடைகளில் வாங்கிய உணவுப் பொருள்களை நுண்ணோக்காடியால் ஆராய்ந்து, கலப்படம் செய்தார் பெயர்களை 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டு வந்தார். நாடு அதிர்ந்தது. கலப்படத்தைத் தடுக்க 1860-இல் ஒரு சட்டம் பிறந்தது. அது வலியற்றதாகவே, 1872-இலும் 1875-இலும் வலிய சட்டங்கள் பின்தொடர்ந்தன. காட்பரியார் 1866-ஆம் ஆண்டிலேயே, ஹாலந்து நாட்டிலிருந்து வருவித்த பொறியொன்றனால் கொழுப்பைப் பிழிந்தெடுத்து, மாவு கலவாத தூய கொக்கோவை விற்கத் தொடங்கிவிட்டனர். அத்தூய்மையையே விளம்பரமும் செய்தனர். மக்கள் விரும்பி வாங்கினர், வாணிகம் தழைத்தது. 1879-இல் நகர்ப்புறத்தே போர்ன்வில் என்னுமிடத்தில் காற்றும் ஒளியும் மிக்க ஆலையொன்று எழுந்தது. அறம் ஊதியம் தரும் என்பார்க்கு இதனினும் சிறந்த சான்று வேறு வேண்டுமோ?

நிற்க. வரலாறு இவ்வளவில் முடியவில்லை. அவ்வாலைக்கு வந்த கொக்கோவில் பெரும் பங்கு, அந்நாளில் போர்த்துக்கேசியர் ஆண்ட சாவோ டொமே என்னும் ஆப்பிரிக்கத் தீவில் விளைந்தது. அங்கோலா நாட்டு மக்களை விலைப்படுத்திக் கொணர்ந்து, ஒப்பந்தக் கூலிகள் என்று பெயரிட்டு, அத்தோட்டங்களில் அடிமைகளாய் வைத்திருக்கின்றனர் என்னும் செய்தி, ரிச்சர்டின் மகனார் வில்லியம் காட்பரியின் செவிக்கு 1901-இல் எட்டியது. அதனை நேரிற் கண்டறிய 1905-இல் ஒருவரை அனுப்பினர். அவரும் மெய்யென்றே உரைத்தார். அத்தீவின் கொக்கோவை வாங்குவதை அக்குடும்பத்தார் நிறுத்தியதோ 1909-ஆம் ஆண்டில்! வாங்குவோராய் இருந்தாலன்றித் தம் சொல் போர்த்துக்கேசியரிடம் எடுபடாது என்பது அவர்கள் கூறிய காரணம். இக்காலத் தாழ்வைக் கடிந்தெழுதிய 'ஸ்டாண்டர்டு' என்னும் செய்தித்தாளின்மீது அவர்கள் வழக்குத் தொடுத்தனர். நடுவர் குழுவினர் காட்பரியார் பக்கமே தீர்ப்பளித்தனர். ஆயினும் அவர்கள் விதித்த இழப்பீடு ஒரு பார்திங், அஃதாவது கால் பென்னி! வென்றவர்க்கு அதனினும் கூரிய கடிந்துரை வேறுண்டோ?

அதே குடும்பம்; அதே சமயப்பற்று. உருளைக்கிழங்கு மாவை நீக்குவதில் நாட்டார்க்கு முன்னே நடந்தோர், அடிமையின் விலங்கை நோக்குவதில் எட்டாண்டு ஏன் தயங்கினர்? கலப்படத்தைக் குடிப்பவன் நாவறியும், மருத்துவன் கண்ணறியும், சட்டமும் அறியும். கிண்ணத்திலுள்ள கொக்கோவின் சுவையோ, அதனைப் பறித்த கையின் துயரைச் சொல்லாது. கொள்வோன் காணுமிடத்து அறம் ஊதியம் தருகின்றது. காணாவிடத்து அறம் செய்வானிடம் விலை கேட்கின்றது. எம் நண்பர் இரு சாராரும் பாதி உண்மையே கூறினர் என்பது இதனாற் பெறப்படும்.

இதனின்று யாம் கொள்ளும் முடிபுகள் இரண்டு. ஊதியம் கருதியே நேர்மையைக் கைக்கொள்வான், ஊதியம் குறையும் நாளில் அதனைக் கைவிடுவான் என்பது ஒன்று. வள்ளுவனார் வாணிகர்க்குரிய நெறியைப் பொருட்பாலில் வையாது, அறத்துப்பாலில், நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தின் இறுதிக்கண் வைத்தமை ஈண்டுச் சிந்திக்கற்பாலது. பொருள் வரும் வழியென்று அன்று, மாந்தன் ஒழுகும் வழியென்றே அவர் அதனைக் கண்டார் போலும்.

மற்றொன்று, எம்போன்ற கொள்வோரைப் பற்றியது. நேர்மையுடையான் நட்டமடைவது பெரும்பாலும் எம்மாலேயாம். தண்ணீர் கலவாத பாலை உரிய விலைக்குக் கொடுப்பானை விடுத்து, ஐந்து ரூபாய் குறைவென்று அடுத்த தெருவிற்குச் செல்கின்றோம். பின்னர், "உலகத்தில் நாணயம் செத்துவிட்டது" என்று வருந்துகின்றோம். அதனைச் சாகடித்த கைகளுள் எம் கையும் ஒன்றன்றோ? மேற்கு ஆப்பிரிக்கக் கொக்கோத் தோட்டங்களில் சிறுவரை வேலை வாங்கும் கொடுமை இந்நாளிலும் ஒழிந்தபாடில்லை. எட்டாண்டு தயங்கினார் என்று பிறரைப் பழிக்கும் யாம், வாங்கும் பண்டம் எவர் கையால் விளைந்ததென ஒருமுறையேனும் உசாவியதுண்டோ?

இன்னும் சில ஆண்டுகளில் எம்முட் சிலர் கடை நடாத்துவர், சிலர் கணக்கெழுதுவர், எல்லோரும் கொள்வோராயிருப்பர். "அறம் ஊதியம் தருமோ?" என்று கேட்டுக் காத்திருத்தல் எமக்குத் தகாது. ஊதியம் தரும்படி அதனைச் செய்தல் சட்டத்திற்கும் கொள்வோர்க்கும் உரிய கடன். தராதபோதும் அதனைக் கைவிடாமை விற்போர்க்குரிய கடன். அவ்விரு கடனையும் ஒருசேர ஏற்க இப்பொழுதே எம்மைப் பழக்கிக்கொள்வோமாக.